எட்டாவது மருத்துவச்சி

செண்பகவல்லி மருத்துவச்சியைத் தேர்ந்தெடுத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐந்தாம் மாதம் பிறந்த அன்றே நீள நோட்டு ஒன்றை எடுத்து, கோவில்பட்டி வட்டாரத்தில் பதிவு பெற்ற எட்டு மருத்துவச்சிகளின் பெயர்களையும் வரிசையாக எழுதி, குறுக்கே கோடுகள் போட்டுவிட்டாள். பார்த்த பிரசவங்கள், இழப்புகள், வீட்டிலிருந்து தூரம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம், பேசும் விதம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்.

பகலில் அவளுக்குக் கடலைமிட்டாய் கம்பெனியில் எடை சரிபார்க்கும் வேலை. மாலையில் புள்ளியியல் பட்டயப் படிப்பு. வகுப்பெடுக்கும் அருமைநாயகம் சார் எல்லாரையும் நாட்குறிப்பு எழுத வைத்திருந்தார். இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'சந்தேகம்'. மற்றவர்களுக்கு இடது பக்கம்தான் நிறையும். செண்பகவல்லிக்கு வலது பக்கம் வழிந்து அடுத்த தாளுக்கும் போகும். மிட்டாய்ப் பொட்டலத்தை மூன்று முறை நிறுத்துவிட்டு, தராசு சரிதானா என்று நான்காவது முறையும் நிறுக்கிறவள் அவள்.

அந்த வருஷங்களில் எல்லாப் பிரசவமும் 'தொட்டில்' வழியாகத்தான் நடந்தது. கர்ப்பம் உறுதியானதும் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். தாயின் ரத்த அழுத்தம், குழந்தையின் துடிப்பு, தூக்கம், நடை எல்லாம் அது வழியாகத் தொட்டிலுக்குப் போய்ச் சேரும். லட்சக்கணக்கான பிரசவங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்தக் குழந்தை பிழைக்குமா பிழைக்காதா என்று அது ஒரு நிறம் சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு. அந்த நிறத்தைத் தாய்க்குக் காட்டக் கூடாது என்பது சட்டம். ஆரம்பத்தில் காட்டியபோது, சிவப்பைப் பார்த்த பெண்கள் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்து, நன்றாக இருந்த குழந்தையையும் இழந்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். மருத்துவச்சிகள் மட்டும் பார்க்கலாம். சிவப்பு விழுந்தால் மூன்று நாளுக்குள் அவர்கள் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அட்டவணையில் முதலிடம் வித்யாவதிக்கு. பிரசவங்கள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இழப்பு பூஜ்யம். அன்றைய நாட்குறிப்பின் வலது பக்கத்தில் செண்பகவல்லி, 'ஆயிரத்து நானூறு பிரசவத்தில் ஒன்றுகூடவா தவறாது? இது எப்படி?' என்று எழுதினாள். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'எனக்குப் படிப்பு போதவில்லை' என்று கீழே எழுதி, மேலே எழுதியதை அடித்துவிட்டாள்.

கடைசி இடம் எஸ்தர் ராஜகனிக்கு. பிரசவங்கள் முப்பத்தொன்று. இழப்பு பத்தொன்பது. சரியாகத்தான் படிக்கிறோமா என்று விரலை வைத்து மறுபடி படித்தாள். பத்தொன்பதுதான். முப்பத்தொன்றில் பத்தொன்பது குழந்தைகள். இந்த மாதிரி ஒருத்தியை எப்படித் தொழில் செய்ய விடுகிறார்கள்? சிவப்புப் பேனாவால் அந்த வரிசையை நீளமாக ஒரு கோடிழுத்து அடித்தாள்.

வித்யாவதி ஏற்றுக்கொண்டாள். அவளுடைய கூடத்தில் ஊதுபத்தி மணத்தது. மெல்லிய குரலில் பேசினாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். "உங்களுக்குப் பூப்போல நடக்கும்மா" என்றாள். அன்று சாயங்காலம் செண்பகவல்லியின் கணவன் சுடலைமணி தான் ஓட்டும் பேட்டரி பேருந்தில் கடைசி நடை முடித்து, அரைக் கிலோ அல்வாவோடு வந்தான்.

மூன்று மாதம் ஒரு குறையுமில்லாமல் போனது.

கோளாறு வகுப்பிலிருந்து வந்தது. பருவ இறுதிக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு அட்டவணை கொடுக்க வேண்டும். செண்பகவல்லி மருத்துவச்சி அட்டவணையையே அழகாக நகலெடுத்துக் கொடுத்தாள். சார் இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார். எட்டாவது வரிசையில் 'பேசும் விதம்' என்ற கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். எஸ்தரோடு அவள் பேசியதே இல்லை, அதனால் அந்த ஒரு கட்டம் காலி.

"வேண்டாம்னு அடிச்ச வரிசைதானே சார்" என்றாள்.

"ஒரு கட்டம் காலியா இருந்தா மொத்த அட்டவணையும் செல்லாதும்மா. வேணுமா வேண்டாமாங்கிறது உன் பாடு. விசாரிக்காம விட்டது தப்பு."

வேறு யாராவதாக இருந்தால் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியிருப்பார்கள். செண்பகவல்லிக்கு அது வராது. திங்கட்கிழமை தொட்டில் வழியாக எஸ்தரை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை கடைசியாக ஒரு தடவை என்று அழைத்தாள். எடுக்கவில்லை. 'மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. பொறுப்பில்லை. 0/10' என்று கட்டத்தை நிரப்பிக் கொடுத்தாள். சார் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் போட்டார்.

சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு, பொட்டலம் கட்டும் மேசையில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி துடித்தது. வித்யாவதியின் செய்தி. 'தங்கள் பிரசவத்தை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். தாங்களும் குழந்தையும் நலமோடிருக்க வாழ்த்துகள்.'

செண்பகவல்லி அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைத் தராசின் மேல் வைத்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறு கிராம் என்று தராசு காட்டியது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருத்துவச்சி விலகினால் என்ன அர்த்தம் என்று ஊரில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டம் மறைத்து வைத்த நிறத்தை இரண்டு வரி வாழ்த்துச் செய்தி சொல்லிவிடும். உள்ளே குழந்தை உதைத்தது. காலையில் உதைத்ததைப் போலவே உதைத்தது. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் மற்ற ஆறு பேரிடமும் கேட்டுப் பார்த்தாள். ஒருத்திக்கு இடமில்லை, ஒருத்தி ஊரில் இல்லை, ஒருத்தி பதிலே சொல்லவில்லை, மற்றவர்களும் மாட்டோம் என்றுவிட்டார்கள். ஏழு மணிக்குத் தொட்டிலே ஒரு செய்தி அனுப்பியது. 'தங்களுக்கு ஒதுக்கப்பட்டவர்: எஸ்தர் ராஜகனி.'

ஞாயிற்றுக்கிழமை பகல், பழைய தீப்பெட்டி ஆலைக்குப் பின்னால் இருந்த எஸ்தரின் வீட்டுக்குச் செண்பகவல்லியும் சுடலைமணியும் போனார்கள். எஸ்தர் அப்போதுதான் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். குட்டையான, உருண்ட உருவம். வெள்ளைப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டே வந்தவள், செண்பகவல்லியை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"மூணு தடவை போன் போட்டது நீங்கதானா?"

செண்பகவல்லி தலையாட்டினாள். "நீங்க எடுக்கல."

"எடுக்கக் கூடாதுன்னுதான் எடுக்கல. ஒரு தடவைன்னா கை தவறிப் பட்டதுன்னு விட்டுரும். ரெண்டுக்கும் பொறுத்துக்கிடும். மூணாவது மணி அடிக்கையில, வேண்டாம் தாயின்னு போனைப் பாத்துச் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

"எது விட்டுரும்?" என்று சுடலைமணி கேட்டான்.

"தொட்டில்தான் தம்பி. வேற யாரு?"

எஸ்தர் அவர்களை உள்ளே உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள். சிவப்பு விழுந்த பெண்களை எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள். கடைசியில் எஸ்தரிடம்தான் வருவார்கள். வருஷக்கணக்காகத் தொட்டில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. யார் யாரெல்லாம் எஸ்தரை விடாமல் அழைக்கிறார்களோ அவர்கள் குழந்தைக்கு ஆபத்து என்று அது தானாகவே ஒரு பாடம் படித்து வைத்திருக்கிறது.

"ரெட்டு விழுந்தா என்கிட்ட வாராங்க. அதை அது திருப்பிப் போட்டுக்கிட்டு. என்கிட்ட வந்தா ரெட்டுங்குது. உங்க வயித்துல ஒண்ணுமில்லைன்னாலும், மூணு தடவை மணியடிச்சாப் போதும்."

காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுவது பற்றி அருமைநாயகம் சார் இரண்டு வகுப்பு எடுத்திருந்தார். செண்பகவல்லி அதில் முழு மதிப்பெண் வாங்கியவள். ஒரு காலிக் கட்டத்தை நிரப்பப் போய்த் தன் குழந்தைக்குத் தானே சிவப்பு மை பூசிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

எஸ்தர் அவளைப் படுக்க வைத்து வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்தாள். அவசரப்படவில்லை. ஒரு மரக் குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டாள்.

"தலை கீழதான் இருக்கு. துடிப்பு ஜோரா இருக்கு. பிள்ளை கொஞ்சம் பெருசு. என் கைக்குத் தப்பா ஒண்ணும் தட்டுப்படல."

"உறுதியாச் சொல்லுதீங்களா?"

"உறுதியாச் சொல்லுற ஆளுகிட்ட போகாதீங்க."

செண்பகவல்லி எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். கேட்பதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டாள். "அந்தப் பத்தொன்பது?"

எஸ்தரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "பத்தொன்பதும் நிஜம். நாலு பேருக்கு முன்னாடியே பேர் வச்சிருந்தாங்க. சொல்லவா?"

வேண்டாம் என்று செண்பகவல்லி தலையாட்டினாள்.

சுவரோரம் ஒரு மர அலமாரி. அதில் ஏழு அடுக்காகப் பள்ளிக்கூட நோட்டுகள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிறத்தில் அட்டை போட்டிருந்தது. எஸ்தர் கை கழுவப் போன நேரத்தில் செண்பகவல்லி பச்சை அட்டையில் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். பக்கத்துக்கு ஒரு பாதம். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பாதங்கள், நீல மையில். கீழே தேதியும் தாயின் பெயரும். ஒரு நோட்டில் எண்பது பக்கம். ஓர் அடுக்கில் நாலைந்து நோட்டுகள். அவளுடைய மனம் பழக்கதோஷத்தில் பெருக்கிப் பார்த்தது.

"இதெல்லாம் யாரு?"

"என் கையில வாங்கின பிள்ளைங்க" என்று உள்ளிருந்து எஸ்தர் சொன்னாள்.

முப்பத்தொன்று எங்கே, இது எங்கே. செண்பகவல்லி நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். அன்று தன் நாட்குறிப்பின் வலது பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: 'இந்தம்மா பொய் சொல்கிறாரா?'

கிளம்பும்போது எஸ்தரே ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தாள். தவறுதலான அழைப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நாலு நாளில் சிவப்பு நீங்கிவிடும், வித்யாவதி மறுபடி ஏற்றுக்கொள்வாள், நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள், தனக்கு அதில் வருத்தமில்லை என்றாள். வருத்தமில்லை என்பதை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

படிவத்தில் ஒரு வாசகம் அச்சடித்திருந்தது: 'மேற்படி மருத்துவச்சியை அணுகும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.' செண்பகவல்லி பெயர், வயது, முகவரி, பட்டை எண் எல்லாவற்றையும் நிரப்பினாள். கையெழுத்துக் கட்டம் வந்ததும் பேனா நின்றது.

"போடு செம்பா. ஒரு கையெழுத்துதானே. பழைய இடம் கிடைச்சிரும்" என்றான் சுடலைமணி.

"போட்டா பச்சை. போடாட்டி சிவப்பு. இதுக்கு நடுவுல என் வயித்துல என்னங்க மாறுது?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. பத்தொன்பதுங்கிறது எனக்குத் தொண்டையில நிக்குது."

அவளுக்கும் நின்றது. ஐந்து நாள் அந்தப் படிவம் சாமி படத்துக்குக் கீழே கிடந்தது. வித்யாவதி பொய் சொல்லவில்லை, அவளுக்குத் திரையில் தெரிந்ததைச் செய்தாள். எஸ்தர் நல்லவளா என்பதும் தெரியாது. தெரிந்தது இரண்டே இரண்டு. ஒருத்தி வயிற்றைத் தொடாமலே ஏற்று, தொடாமலே விலகினாள். இன்னொருத்தி தொடுவதற்கு முன்பே, தன் தொழில் போனாலும் பரவாயில்லை என்று போனை எடுக்காமல் இருந்தாள். இதற்கு எந்தப் பத்தியில் மதிப்பெண் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் நினைப்பது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஆறாம் நாள் படிவத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். கையெழுத்துக் கட்டம் காலியாகவே இருந்தது. அவள் தெரிந்தே காலியாக விட்ட முதல் கட்டம் அதுதான்.

பிரசவம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். எஸ்தரின் பின்னறை, வாசலில் ஆம்புலன்ஸ். தலை வெளியே வந்துவிட்டது, தோள் வரவில்லை. மணிக்கட்டுப் பட்டை விடாமல் அதிர்ந்தது. எஸ்தர் அதைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். சுடலைமணி அவள் தலைமாட்டில் நின்றான். செண்பகவல்லிக்கு அந்த நேரத்தில் மனதில் ஓடியது ஒரே எண். இருபது. நான்தான் இருபதாவது.

"செண்பகம், இங்க பாருங்க. புரண்டு, முட்டி போட்டு, கையை ஊனுங்க. தம்பி, தூக்கு. இப்பவே."

புரட்டிவிட்டார்கள். எஸ்தர் குரலை உயர்த்தாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு, பதினேழு. அவளுடைய கை உள்ளே போய் எதையோ தேடியது, கண்டது, திருப்பியது. இருபத்திரண்டில் குழந்தை முழுதாக வழுக்கி அவள் மடியில் விழுந்தது. அழவில்லை. எஸ்தர் முதுகைத் துடைத்துத் தேய்த்தாள், வாயைச் சுத்தம் செய்தாள், மறுபடி தேய்த்தாள். நாற்பதில் அழுதது. பெண் குழந்தை.

கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் மைத் தட்டோடு வந்தாள். அலமாரிக்கு முன்னால் நின்று, "முதல்ல உங்களை ஏத்துக்கிட்டது யாரு? வித்யாவதிதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் பச்சை அடுக்கிலிருந்து ஒரு நோட்டை உருவி, குழந்தையின் பாதத்தை அதில் பதித்துக்கொண்டாள். செண்பகவல்லி இருந்த அசதியில் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

பதினோராம் நாள் சான்றிதழ் வந்தது. தாய், தந்தை, நேரம், எடை எல்லாம் சரி. பிரசவம் பார்த்தவர்: வித்யாவதி.

எழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். தொட்டிலின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். எஸ்தர் ராஜகனி, பிரசவங்கள் முப்பத்தொன்று, இழப்பு பத்தொன்பது. ஒன்றுகூடக் கூடவில்லை. உதவி எண்ணை அழைத்தாள். எடுத்த ஆள் மிகவும் பணிவாகப் பேசினான். குழந்தை நலமாகப் பிறந்துவிட்டதால் சிவப்பு தவறு என்று தெரிகிறது, சிவப்பு தவறு என்றால் மருத்துவச்சி மாற்றமும் செல்லாது, அதனால் முதலில் ஏற்றுக்கொண்டவர் பெயரில் பதிவாகிவிடும், இது விதி என்றான்.

"அப்ப இறந்தா?"

"இறந்தா சிவப்பு சரிங்க. மாற்றமும் சரி. அவங்க பேர்லயே இருக்கும்."

"அப்படின்னா எஸ்தரக்கா பேர்ல, சிவப்பு விழுந்து நல்லபடியா முடிஞ்ச பிரசவம் ஒண்ணாவது பதிவாகுமா?"

"நல்லபடியா முடிஞ்சா அது சிவப்பே இல்லையேங்க" என்றான்.

செண்பகவல்லி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பக்கத்தில் கையை முஷ்டியாக்கித் தூங்கியது. மற்றவர்கள் ஏற்று, பிறகு கைவிட்ட பெண்களில் இழப்பு மட்டும் எஸ்தருக்கு. முப்பத்தொன்றில் எஸ்தரின் பெயரிலேயே பிழைத்திருக்கும் பன்னிரண்டு பேர், யாருமே முதலில் ஏற்காமல் நேராக அவளிடம் வந்தவர்களாக இருக்க வேண்டும். அலமாரியிலிருந்த மீதிப் பாதங்கள்? அவள் பழைய நோட்டை எடுத்து அட்டவணையைப் பிரித்தாள். முதல் வரிசையில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, அதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண், பச்சைப் பேனாவில் ஒரு டிக். அந்த எண்ணை நம்பித்தான் தேர்ந்தெடுத்தாள். சிவப்புக் கோட்டால் அடித்தவளுடைய கைகள், முதல் வரிசைக்குள்ளும் இருந்திருக்கின்றன. நாட்குறிப்பையும் புரட்டி, அடித்துவிட்ட பழைய சந்தேகத்தின் மேல் விரலை வைத்தாள். கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாகவே தெரிந்தது. இது எப்படி?

கைப்பேசி மின்னியது. 'வித்யாவதி அவர்களின் சேவைக்குத் தங்கள் மதிப்பெண் என்ன?' கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

அதை ஒதுக்கிவிட்டு எஸ்தரை அழைத்தாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க. இனி நீங்க போன் போட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பிள்ளை பால் குடிக்குதா?"

"ஆமா, நல்லாக் குடிக்கா. அக்கா, சான்றிதழ் வந்துட்டு."

"ம்" என்றாள் எஸ்தர்.

"உங்க நோட்டுல மொத்தம் எத்தனை பாதம் இருக்குக்கா? எண்ணிருக்கீங்களா?"

மர அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. எஸ்தரின் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. கடையில் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏழு அடுக்கு இருக்கு. யாரோட அடுக்கை எண்ணணும்?"